முதல் ஒரு மணி நேரம் இலவசம்

அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பைப் பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு மேல் போனால் ரூபாய்க் கணக்கில் சொற்பமாக ஏதோ கட்ட வேண்டும். 2019 பிப்ரவரியில் எங்கள் தாலுகா ஆபீசில் நான் கோப்போடு உட்கார்ந்திருந்தது நாற்பது நிமிடம்கூட இருக்காது. அதன் பிறகு பல மாதங்களுக்கு என்னால் வேறு எதையும் சரியாக யோசிக்க முடியவில்லை.

விஷயம் அத்தையுடையது. அப்பாவின் அக்கா. தாத்தா செங்கல் சூளையில் வேலை பார்த்து, மாட்டு வண்டி ஓட்டி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வாங்கியது 1 ஏக்கர் 40 சென்ட் நிலம். தாத்தா 2006இல் உயில் எதுவும் எழுதாமல் இறந்துபோனார். ஆயா அதற்கு முன்பே போய்விட்டார். பிள்ளைகள் மூன்று பேர்: அத்தை, அப்பா, சித்தப்பா. தாத்தா சுயமாகச் சம்பாதித்த சொத்து என்பதால் 1956ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மூன்று பேருக்கும் சம பங்கு. இதற்கு 2005 திருத்தம்கூடத் தேவையில்லை. ஆனால் பட்டாவில் இருந்தது இரண்டு பெயர்கள்தான்.

அத்தை எப்போது கேட்டாலும் அப்பா ஒரே பதிலைத்தான் சொல்வார். "தாலுகா ஆபீஸ்ல தப்பாப் போட்டுட்டாங்க அக்கா. சரி பண்ணிடலாம்." நான் பள்ளிக்கூடம் முடித்த காலத்திலிருந்து இந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். தாலுகா ஆபீசில் தப்பாகப் போடுவார்கள் என்பதை நம்ப நம் ஊரில் யாருக்கும் ஆதாரம் தேவைப்படாது. இனிஷியல் மாறிப்போய், சர்வே எண்ணின் உட்பிரிவு மாறிப்போய் அலைகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அத்தையும் நம்பினார். 2016இல் அப்பா மாரடைப்பில் இறந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்து அதிகம் அழுதது அத்தைதான்.

2018 கடைசியில் சித்தப்பா தன் பாதியை விற்க ஆள் பார்த்தார். அத்தை எனக்கு போன் செய்தார். "கண்ணு, நீ படிச்ச பையன். கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பண்றியாமே. அந்த ஆபீஸ்காரன் பண்ண தப்பக் கொஞ்சம் சரி பண்ணிக் குடுடா."

இந்த மாதிரி வேலை எனக்குப் பிடிக்கும். பெங்களூரில் நான் பார்க்கும் வேலையே ஏறக்குறைய அதுதான். ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாவது சர்வர் விழுந்தால், லாக் ஃபைலைத் திறந்து, எந்த நொடியில் எந்த வரி தப்பாகப் போனது, அதை எழுதின புண்ணியவான் யார் என்று தேடிப் பிடிப்பது. ஒரு தாலுகா ஆபீசின் தவறைக் கண்டுபிடிப்பது இதைவிடக் கஷ்டமா என்று நினைத்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு தயார் செய்தேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதினொரு கேள்விகள். ஏன் என் அத்தையின் பெயர் விடுபட்டது? அதற்குப் பொறுப்பான அலுவலர் யார்? அவர் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது? எழுதி முடித்துவிட்டுத் திரும்பப் படித்தபோது எனக்கே மெய்சிலிர்த்தது.

சட்டம் கொடுத்திருப்பது முப்பது நாள் அவகாசம். இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. ஏன், எதற்கு என்ற வினாக்களுக்கு விளக்கம் அளிக்க இச்சட்டத்தில் வழிவகை இல்லை என்று பதினொன்றுக்கும் சேர்த்து ஒரே பதில்.

கோபத்தில் மேல்முறையீடு எழுதுவதற்காக ஊருக்குப் போயிருந்தேன். தாலுகா ஆபீஸ் வாசலில் புங்க மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக்கொடுக்கும் பெரியவர் ஒருவர் என் பேப்பரை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "நீங்க கேள்வி கேட்டிருக்கீங்க தம்பி. கேள்வி கேட்டா அவன் பதில் சொல்லுவான். பதில் சொல்றது அவனுக்குக் கைவந்த கலை. கேள்வியே கேக்காதீங்க. கட்ட எடுத்து மேசை மேல வைய்யி, நான் பாக்கணும்னு கேளுங்க."

அன்று இரவுதான் அந்தச் சட்டத்தை முதல் முறையாக முழுதாகப் படித்தேன். அதுவரை அதை ஒரு கேள்வி–பதில் எந்திரமாகத்தான் நினைத்திருந்தேன். 10 ரூபாய் போட்டால் பதில் விழும். பிரிவு 2(ஜே) வேறு மாதிரி இருந்தது. பணிகளையும் ஆவணங்களையும் பதிவேடுகளையும் பார்வையிடலாம், குறிப்பெடுக்கலாம், சான்றிட்ட நகல் பெறலாம், ரோடு போட்ட ஜல்லியிலும் தாரிலும்கூட சான்றிட்ட மாதிரி எடுத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் இருப்பதை டிஸ்கெட்டிலோ ஃபிளாப்பியிலோ வீடியோ கேசட்டிலோ வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. 2005இல் எழுதிய சட்டம். ஃபிளாப்பி அப்போதே சாகக் கிடந்தது. சிரிப்பு வந்தாலும், எழுதினவர்கள் எந்த வழியும் விட்டுப்போகக் கூடாது என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள் என்று புரிந்தது.

நகல் என்ற ஒரு சொல் இந்தச் சட்டத்துக்குள் வருவதற்கே தனிப் போராட்டம் நடந்திருக்கிறது. ராஜஸ்தானில் அருணா ராயும் நிகில் டேயும் சங்கர் சிங்கும் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. பஞ்சாயத்துக் கணக்கில் கூலி வாங்கியதாக யார் யார் பெயர் இருக்கிறது என்று ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். அப்படி ஒரு வேலையே நடக்கவில்லை என்று ஊர்க்காரர்கள் எழுந்து சொன்னார்கள். அடுத்து வந்த கோரிக்கை எளிமையானது: அந்தக் கணக்கின் ஜெராக்ஸ் வேண்டும். சட்டமன்றத்திலேயே முதலமைச்சர் வாக்குக் கொடுத்தும் ஒரு வருடம் உத்தரவு வரவில்லை. 1996 ஏப்ரலில் பியாவர் நகரத்தில் தர்ணா உட்கார்ந்தார்கள். அரசு இறங்கி வந்து, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள், நகல் மட்டும் கிடையாது என்றது. அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணால் பார்த்ததை வைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்க முடியாது; அடுத்த நாள் அந்தக் காகிதமே மாறிப்போகலாம். நாற்பது நாள் நீடித்தது தர்ணா. செங்கல் சூளைக்காரன் பேரனான எனக்கு இதெல்லாம் இருபது வருடம் கழித்துத்தான் தெரிகிறது. 1997இலேயே தகவல் உரிமைக்கு ஒரு சட்டம் போட்ட முதல் மாநிலம் தமிழ்நாடு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அந்தச் சட்டத்தில் கொடுத்ததைவிட விலக்கி வைத்தது அதிகம் என்பது வேறு கதை.

எனக்குப் பிடித்தது பிரிவு 6(2). எதற்காகக் கேட்கிறாய் என்று விண்ணப்பதாரரிடம் காரணம் கேட்கக் கூடாது. 2014இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் அமர்வு ஒன்றே காரணம் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பில் எழுதி, இந்தப் பிரிவைக் கவனிக்காமல் விட்டதாகச் சொல்லிச் சில நாட்களிலேயே அந்தப் பகுதியைத் திரும்பப் பெற்றது. இந்த நாட்டில் சாதிச் சான்றிதழிலிருந்து சுடுகாட்டு ரசீது வரைக்கும் காரணம் சொல்லாமல் ஒரு காகிதம் வாங்க முடியாது. இதற்கு மட்டும் வேண்டாம்.

இரண்டாவது மனுவில் ஒரே ஒரு பத்தி. சர்வே எண், பட்டா எண், 2008இல் நடந்த பெயர் மாற்றம் தொடர்பான கோப்பை, குறிப்புப் பக்கங்கள் உட்பட முழுமையாகப் பார்வையிட வேண்டும். குறிப்புப் பக்கங்கள் உட்பட என்று சேர்க்கச் சொன்னது பெரியவர். கோப்பில் இரண்டு பாகம் இருக்கும். ஒன்றில் மனுவும் அறிக்கையும் உத்தரவும். இன்னொன்றில் அலுவலர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட குறிப்பு. உத்தரவு எப்படிப் பிறந்தது என்பது அந்த இரண்டாவதில்தான் இருக்கும். 2006இல் அதை மட்டும் சட்டத்திலிருந்து விலக்கிவிட மத்திய அமைச்சரவை முடிவெடுத்து, எதிர்ப்பு கிளம்பிய பிறகு கைவிட்டது.

பார்வையிட வரச்சொல்லிக் கடிதம் வந்தது. பதிவறையிலிருந்து சிவப்புத் துணியில் கட்டிய கட்டு ஒன்றை இளநிலை உதவியாளர் தூக்கிக்கொண்டு வந்தார். என்னைவிட வயது குறைந்த பெண். கட்டுக்குள் எங்கள் கோப்பைத் தேடி எடுத்து, புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு தட்டி, என் முன்னால் வைத்தார். "போன்ல போட்டோ எடுக்காதீங்க சார். நோட்ல எழுதிக்குங்க. நகல் எந்தெந்தப் பக்கம்னு சொல்லுங்க, ரெண்டு ரூபா ஒரு பக்கம்."

முதலில் தாத்தாவின் இறப்புச் சான்று. பிறகு வாரிசுச் சான்று. அதில் இரண்டு மகன்கள் மட்டும். கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை. அதிலும் அவ்வளவுதான். இங்கேதான் தப்பு, பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். நோட்டில் தேதியைக் குறித்துக்கொண்டேன்.

குறிப்புப் பக்கத்தில், தட்டச்சு செய்த பத்திக்குப் பக்கத்து ஓரத்தில், பென்சிலில் சாய்வாக ஒரு வரி இருந்தது. 'இறந்தவருக்குப் பெண் வாரிசு உண்டா? விசாரித்து எழுதுக.' கீழே ஒரு சுருக்கொப்பம். அதற்குக் கீழே நீல மையில் வேறொருவர் கை: 'விசாரிக்கப்பட்டது. பெண் வாரிசு எவரும் இல்லை என மனுதாரர் எழுத்து மூலம் தெரிவித்துள்ளார்.'

அடுத்த தாளில் அப்பாவின் கையெழுத்து.

அப்பாவுக்கு அழகான கையெழுத்து. கொம்பும் சுழியும் அளந்து வைத்த மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் என் நோட்டுக்கெல்லாம் அவர்தான் பெயர் எழுதிக்கொடுப்பார். அதே கையெழுத்தில், எனக்கு உடன்பிறந்த சகோதரிகள் யாரும் கிடையாது என்று எழுதிக் கையொப்பம் போட்டிருந்தார். சித்தப்பாவும் கீழே போட்டிருந்தார்.

நான் இரண்டு பக்கம் பின்னால் போய் அவருடைய மனுவைப் படித்தேன். முதலில் அதை வேகமாகத் தாண்டிப் போயிருந்தேன்; தப்பு ஆபீஸ்காரர்கள் எழுதியதில்தானே இருக்கும். 2008 ஜூன் மாதம் தேதியிட்டது. மகன் பொறியியல் கல்லூரியில் சேர இருப்பதால் மேற்படி நிலத்தின் பேரில் கடன் பெற வேண்டியுள்ளது, ஆகவே பட்டா மாற்றத்தை விரைந்து செய்து தருமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

எந்த ஊர் சட்டமும் கேட்காத காரணத்தை அப்பா தானாகவே சொல்லியிருந்தார்.

அந்தக் கடன் எனக்குத் தெரியும். வேலைக்குப் போன மூன்றாம் வருடம் நான்தான் அதை அடைத்தேன். நண்பர்களிடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்திருக்கிறேன். நிலத்தை மீட்ட மகன். அந்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு யாருடையது என்பது எனக்கு ஒரு கேள்வியாகவே வந்ததில்லை. ஆபீஸ் தப்பு, சரி பண்ணிடலாம்.

உதவியாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி வேணுமா சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கோப்பு முழுக்க இருபத்து மூன்று பக்கம். எல்லாவற்றுக்கும் நகல் கேட்டு 46 ரூபாய் கட்டினேன். ஒரு வாரம் கழித்துச் சான்றிட்ட நகல் தபாலில் வந்தது. எல்லாப் பக்கமும் சரியாக இருந்தன. அந்தப் பென்சில் வரி மட்டும் ஜெராக்சில் விழவில்லை. ஓரத்தில் ஒரு சாம்பல் தீற்றல், அவ்வளவுதான்.

இதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். முதல் மனுவில் பதினொன்றுக்குப் பதிலாக நூற்றுப் பதினொரு கேள்வி கேட்டிருந்தாலும், 'பென்சிலில் யாராவது ஏதாவது எழுதினார்களா' என்று கேட்டிருக்க மாட்டேன். 'என் அப்பா பொய் சொன்னாரா' என்றும் கேட்டிருக்க மாட்டேன். கேள்வி கேட்பவன் தனக்கு ஏற்கெனவே பாதி தெரிந்ததைத்தான் கேட்கிறான். கோப்பை முழுதாகத் திறந்தால்தான் நாம் சந்தேகப்படாத ஆட்கள் வெளியே வருகிறார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா அதிர்ச்சி அடையவில்லை. அதுதான் எனக்கு அதிர்ச்சி. "தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "செத்துப் போன மனுஷன். அவர் எழுதுனத எடுத்து இப்ப ஊருக்குக் காட்டுவியா? அது அவரு சொந்த விஷயம். அத்தைக்கு வேணும்னா காசாக் குடுத்துடு. அந்தப் பேப்பரக் கிழிச்சுப் போட்டுரு."

சொந்த விஷயம். இதையே சட்டமும் இப்போது சொல்கிறது. பிரிவு 8(1)(ஜே) பழைய வடிவத்தில் ஒரு தராசு மாதிரி இருந்தது. பொது நடவடிக்கைக்குச் சம்பந்தமில்லாத, ஒருவருடைய அந்தரங்கத்தில் தேவையின்றி நுழைகிற தனிநபர்த் தகவலை மறுக்கலாம். பெரிய பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்க முடியாது என்ற ஒரு வரியும் கூடவே இருந்தது. 2023ஆம் வருடத்து டிஜிட்டல் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போகிற போக்கில் இந்தப் பிரிவைத் திருத்தி, தனிநபர்த் தகவல் என்ற அளவில் சுருக்கிவிட்டது. பொதுநலனைக் கருதிக் கொடுக்கலாம் என்று பிரிவு 8(2) இன்னும் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதைத் துணிந்து எடுத்து எழுதுகிற அலுவலரை நான் எங்கே போய்த் தேடுவது?

நான் தரவுப் பாதுகாப்புக்கு எதிரானவன் இல்லை. சம்பளம் வாங்குவதே ஜனங்களின் பெயரையும் போன் நம்பரையும் பத்திரமாக வைத்திருக்கும் மென்பொருள் எழுதித்தான். அது வெளியே கசிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் தாலுகா ஆபீஸ் கோப்பில் எந்தப் பக்கம் தனிநபர்த் தகவல் இல்லை? என் தாத்தாவின் மரணம், அப்பாவின் கையெழுத்து, நீல மையில் எழுதிய அலுவலரின் சுருக்கொப்பம், எல்லாம் தனிநபர் சம்பந்தப்பட்டவைதான். கூலிக் கணக்கில் இருந்த பொய்ப் பெயர்களும் அப்படித்தான். ராஜஸ்தானில் அந்தப் பெயர்களை மறைத்துவிட்டுப் படித்திருந்தால் எழுந்து நின்று சொல்ல யாருக்கு என்ன இருந்திருக்கும்? இந்தக் கோப்பை நான் இன்றைக்குக் கேட்டால் ஒரே வரியில் மறுத்துவிடலாம். அப்பா காப்பாற்றப்படுவார். நானும்தான்.

அம்மா சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்பா கெட்டவர் இல்லை. கவுன்சிலிங்குக்கு ஒரு மாதம் இருக்கும்போது கையில் பணம் இல்லாத ஒரு மனிதர். அக்காவிடம் கையெழுத்துக் கேட்டால் மாமா பங்கு கேட்பார் என்று பயந்திருக்கலாம். அல்லது அக்காவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதே அவருக்கு உறைத்திருக்காது. கல்யாணத்தில் போட்ட நகையோடு முடிந்தது என்றுதானே ஊரே நினைக்கிறது. இதெல்லாம் நானாக எழுதிச் சேர்க்கும் குறிப்புகள். கோப்பில் இல்லை.

மூன்று மாதம் அத்தையின் போனை எடுக்காமல் இருந்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நகல்களை எடுத்துக்கொண்டு போனேன். அத்தை ஐந்தாவது வரை படித்தவர், எழுத்துக்கூட்டிப் படிப்பார். வேண்டாம், நீயே படி என்றார். ஒரு பக்கம் விடாமல் படித்தேன். அப்பா எழுதியதைப் படிக்கும்போது வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். காலேஜ் விஷயம் வந்தபோது என்னை ஒரு முறை பார்த்தார். அப்புறம் என் நோட்டிலிருந்து அந்தப் பென்சில் வரியைப் படித்தேன்.

"அத மறுபடியும் படி."

படித்தேன்.

"யாரு எழுதுனது?"

"தெரியல அத்தை. சுருக்கொப்பம் மட்டும்தான் இருக்கு."

"நான் இருக்கேனான்னு அந்த ஆளுதான் கேட்டிருக்கான்" என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. எழுந்து உள்ளே போய் எனக்குச் சாப்பாடு போட்டார். சாப்பிட்டு முடித்ததும் சொன்னார்: "உங்க அப்பன் மேல கோவம் இருக்கு. அது இருந்துட்டுப் போவுது. எனக்குச் சேர வேண்டியது எனக்கு வேணும்டா. காசா வேணாம். மண்ணா வேணும்."

பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவுதான். அதில் பெயர் இல்லாததால் மட்டும் உரிமை போய்விடாது என்று வக்கீல் சொன்னார். எங்கள் பக்கத்துப் பங்கில் அத்தைக்குச் சேர வேண்டியதை அம்மாவும் நானும் எழுதிப் பதிவு செய்துகொடுத்தோம். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. சித்தப்பாவோடு வழக்கு நடக்கிறது. அப்பாவின் வாக்குமூலத்தின் சான்றிட்ட நகல் அதில் எங்கள் தரப்புச் சான்றாவணம்.

அந்த மே மாதமே அத்தை இன்னொன்று கேட்டிருந்தார். "அந்தப் பென்சில்ல எழுதுனத நான் பாக்க முடியுமாடா?" முடியும் என்றேன். மனுவை நான் எழுதினேன். ஸ்டாம்பை அத்தையே எச்சில் தொட்டு ஒட்டினார். கீழே தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜூலையில் கூட்டிக்கொண்டு போனேன். அதே இளநிலை உதவியாளர். அத்தைக்கு நாற்காலி போட்டு, ஃபேனைத் திருப்பி வைத்தார். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தார். நான் உதவிக்குக் குனிந்தபோது கையால் விலக்கிவிட்டார். குறிப்புப் பக்கம் வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது. அதற்கப்புறமும் அங்கேயே இருந்தார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனதற்குப் பணம் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அத்தை அதை மடித்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார்.